எடுத்து வளர்க்கப்பட்ட முன்னோரின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"தாத்தா அந்த வீட்டில் பிறந்தவர் இல்லையாம், தூக்கி வளர்த்த பிள்ளையாம்." பல குடும்பங்களில் தேடல் இந்த ஒற்றை வரியில்தான் தொடங்குகிறது. கேட்டவுடன் எல்லோரும் தத்துப் பத்திரத்தைத் தேடி ஓடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி ஒரு பத்திரம் எழுதப்பட்டிருக்காது. குழந்தையில்லாத அக்கா தங்கை மகனை வளர்ப்பாள். பிரசவத்தில் தாய் போய்விட்டால் பெரியம்மா தூக்கிக்கொண்டு போவாள். 1876–78 தாது வருஷப் பஞ்சம், 1918 விஷக்காய்ச்சல், 1942-ல் பர்மாவிலிருந்து கால்நடையாக வந்த கூட்டம் என்று ஒவ்வொரு பேரழிவும் பெற்றோரை இழந்த பிள்ளைகளை யார் யார் வீட்டிலோ கொண்டு சேர்த்தது. யாரும் இதை எழுதி வைக்கவில்லை.

ஆனால் எழுதாத உறவும் வேலை செய்யும். பெற்ற வீடு கல்யாணத்துக்குச் சீர் செய்திருக்கும், சாவுக்குக் கோடி போட்டிருக்கும். வளர்த்த வீடோ, சொந்தப் பிள்ளைக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டிய சொத்தை இந்தப் பிள்ளைக்குப் பத்திரம் போட்டுக் கொடுத்திருக்கும். தேட வேண்டியது இந்த இரண்டு தடங்களைத்தான்.

முதல் வேலை: உண்மையிலேயே வளர்ப்புப் பிள்ளையா?

"தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை" என்று வீட்டில் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். முதல் பிள்ளைகள் தொடர்ந்து இறந்த வீட்டில், அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பையில் போட்டு, வேறொருத்தியை எடுக்கச் சொல்லி, அவளிடமிருந்து ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். எமன் கண்ணில் படாமலிருக்கச் செய்த சடங்கு அது. குப்பன், குப்பம்மாள், பிச்சை, தவிட்டம்மாள் போன்ற பெயர்கள் பல இப்படி வந்தவை. இரண்டு தலைமுறை கழிந்ததும் சடங்கு மறந்து, "வாங்கிய பிள்ளை" என்ற சொல் மட்டும் நிற்கிறது. பெயர் இந்த வகையாக இருந்து, அவருக்கு முன் பிறந்தவர்கள் குழந்தையிலேயே இறந்ததாகவும் செய்தி இருந்தால், அவர் அந்த வீட்டில் பிறந்தவராகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

சட்டப்படியான சுவீகாரமும் வளர்ப்பும் வேறு வேறு என்பதையும் இங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் வந்தது 1956-ல். அதற்கு முன் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இந்துச் சட்டத்தில் பொதுவாக இடமில்லை. சில சமூகங்களின் வழக்கம் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே 1956-க்கு முன் வளர்ந்த பாட்டிக்குச் சுவீகாரப் பத்திரம் தேடுவது வீண் அலைச்சல். கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்தக் காலத்தில் தத்துச் சட்டமே இருக்கவில்லை. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தால்தான் உண்டு, அதுவும் சொத்து இருந்த குழந்தைகளுக்கே பெரும்பாலும் நடந்தது.

இரண்டாவது: உயிரோடு இருக்கும் பெரியவர்கள்

ஆவணம் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். எண்பத்தைந்து வயதுப் பெரியம்மா இருப்பாரா என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் அவர்கள்.

"தாத்தா தத்துப் பிள்ளையா?" என்று நேராகக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று பேச்சு முடிந்துவிடும். நடந்த காரியங்களைக் கேளுங்கள். அவர் கல்யாணத்தில் நாத்தனார் விளக்குப் பிடித்தது யார்? தாய்மாமன் மாலை போட்டது எந்த ஊர்க்காரர்? பாட்டி இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடி எந்த ஊரிலிருந்து வந்தது? யார் இறந்தபோது அவர் தலை மழித்தார், யாருக்குத் தீட்டுக் காத்தார்? எந்த வீட்டில் மட்டும் பெண் எடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள்? கடைசிக் கேள்வி பல இடங்களில் நேராக விடைக்குக் கொண்டுபோய் விடும். சாதியும் அந்தஸ்தும் பொருந்தியும் காரணம் சொல்லாமல் விலக்கப்பட்ட வீடு, பெற்ற வீடாக இருக்கலாம்.

முறைப் பெயர்களைக் கூர்ந்து கவனியுங்கள். தமிழ் உறவுமுறை இந்த ரகசியத்தைத் தானாகவே வெளியே விட்டுவிடும். வளர்த்த அப்பாவின் தங்கை, பிள்ளைக்கு அத்தை. ஆனால் தாத்தா அவரைச் "சித்தி" என்று கூப்பிட்டிருந்தால், தாத்தாவைப் பெற்றவள் அந்த அத்தைக்கு அக்காவாக இருக்க வேண்டும். அதாவது வளர்த்தவர் உண்மையில் தாய்மாமன். கல்யாணமும் அப்படியே. வளர்த்த அப்பாவின் அண்ணன் மகள், பெற்ற பிள்ளைக்குத் தங்கை முறை, கட்ட முடியாது. தாத்தா அப்படி ஒரு பெண்ணைக் கட்டியிருந்தால், ஊர் அவரைப் பங்காளியாக எண்ணவில்லை, அக்காள் மகனாக, முறை மாப்பிள்ளையாகவே எண்ணியது என்று பொருள்.

பெயர் வைத்த வரிசையும் பேசும். பேரன் என்றால் பெயரைச் சுமப்பவன். வளர்த்தவர் வழியில் இல்லாத ஒரு பெயர் தாத்தாவின் மூத்த மகனுக்கோ இரண்டாவது மகனுக்கோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பெற்ற அப்பாவின் பெயரை அங்கே இறக்கி வைத்திருக்கலாம்.

ஒரே ஆளிடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். முதல் தடவை பொதுவாகப் பேசிவிட்டு, ஒரு மாதம் கழித்து பழைய போட்டோ ஒன்றோடு போங்கள். "இது யாரு?" என்ற கேள்விக்கு வரும் பதில், நேர்க் கேள்விக்கு வராது. கைப்பேசியில் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்; "சித்தி" என்றதை நீங்கள் "அத்தை" என்று திருத்திவிட்டால் தடயம் போய்விடும்.

மூன்றாவது: வீட்டுப் பெட்டியில் இருப்பவை

மொய் நோட்டு. இதற்கு இணையான குடும்ப ஆவணம் தமிழ்நாட்டில் இல்லை. ஊர், இனிஷியல், பெயர், தொகை என்று வரி வரியாக இருக்கும். தேட வேண்டியது பெரிய தொகையை இல்லை, பொருந்தாத வரியை. வேறு வீட்டில் வளர்ந்த பாட்டியின் பிள்ளைக்குக் காதுகுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் சீர் என்ற தலைப்பில் வளர்த்த வீட்டு அண்ணன் பெயர் இருக்கும். அதற்குக் கீழே, வேறு ஊர் ஆள் ஒருவர் பெயரில் "தோடு ஒரு ஜோடி, வேட்டி சேலை" என்று இருந்தால், அந்த ஆள் யார்? வெறும் ஊர்க்காரர் தோடு போட மாட்டார்.

கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கல்லறைக் கல்வெட்டு மூன்றிலும் இனிஷியலைப் பாருங்கள். ஒரே ஆள் ஓரிடத்தில் "மு." என்றும் இன்னோரிடத்தில் "க." என்றும் இருந்தால் அச்சுப் பிழை என்று ஒதுக்காதீர்கள். வளர்ப்புப் பிள்ளையின் இனிஷியல் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகவும், கல்யாணத்துக்குப் பின் மற்றொன்றாகவும் இருப்பது சகஜம்.

பள்ளியில் டி.சி.யை மட்டும் வாங்கித் திருப்தி அடைய வேண்டாம். சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க மனு கொடுங்கள். "தகப்பனார் அல்லது காப்பாளர்" என்ற கலத்தில் உறவு எழுதியிருக்கலாம்: "மாமன்", "பெரிய தகப்பனார்". அங்குள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பக் கூடாது. ஜூன் மாதம் ஐந்து வயது நிறைய வேண்டும் என்று வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டது ஏராளம். இரண்டு வருஷம் முன்பின் வைத்தே தேடுங்கள்.

ஜாதகம் கிடைத்தால் அது பெரிய சொத்து. வளர்க்கப் போன பிறகும் பிறந்த நேரம் மாறாது. பல ஜாதகங்களில் பிறந்த ஊரும், இன்னாருக்குப் புத்திரன் என்ற வரியும் இருக்கும். சிக்கல் ஆண்டில். அறுபது வருஷப் பெயர் சுற்றி வரும்: தாது என்றால் 1876–77 ஆகவும் இருக்கலாம், 1936–37 ஆகவும் இருக்கலாம். கூடவே சகாப்தம் எழுதியிருந்தால் 78-ஐக் கூட்டுங்கள், கொல்லம் ஆண்டானால் 824 அல்லது 825, பசலியானால் 590. எதுவும் இல்லை, கட்டம் மட்டும்தான் இருக்கிறது என்றால் ராகுவைப் பாருங்கள். குருவும் சனியும் அறுபது வருஷத்தில் ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிடும், அவற்றை வைத்துச் சுற்றைப் பிரிப்பது கடினம். ராகுவுக்கு ஒரு சுற்று சுமார் 18.6 வருஷம். அறுபது வருஷத்தில் மூன்று சுற்று முடித்து, மேலும் 80 பாகை போல, அதாவது இரண்டரை ராசிக்கு மேல், பின்னால் போயிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கும் பஞ்சாங்க மென்பொருளில் கட்டம் போட்டு ராகு எதில் ஒத்துப்போகிறது என்று பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் முடிவு தெரியும்.

நான்காவது: சார்பதிவாளர் அலுவலகம்

அதிக விடை கிடைக்கும் இடம் இதுதான், ஆகவே இங்கே நேரம் செலவிடுங்கள்.

முறையாகத் தத்தெடுக்காத பிள்ளைக்கு வளர்த்தவர் சொத்தில் வாரிசுரிமை இல்லை. அதனால் பிரியமுள்ளவர்கள் உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மெண்ட் அல்லது உயில் எழுதி வைத்தார்கள். பங்காளிகள் பின்னால் வழக்குப் போடாமலிருக்க, ஏன் இவருக்குக் கொடுக்கிறேன் என்று உறவையும் விளக்கினார்கள். மாதிரிக்கு இப்படி இருக்கும்: "எனக்குப் புத்திர சந்தானம் இல்லாதபடியால், என் உடன்பிறந்த சகோதரி காலஞ்சென்ற வள்ளியம்மாள் குமாரரும், சிறுபிராயம் முதல் என்னால் வளர்க்கப்பட்டு வருபவருமான நீர்..." இந்த ஒரு வாக்கியத்தில் பெற்ற தாய், அவள் இறந்துவிட்டாள், வளர்த்தவர் தாய்மாமன் என்ற மூன்றும் வந்துவிட்டன. "அபிமான புத்திரன்", "அபிமான புத்திரி", "வளர்ப்புக் குமாரன்" ஆகியவை வளர்ப்பைக் குறிக்கும் சொற்கள். "சுவீகார புத்திரன்" என்றிருந்தால் முறையான தத்து நடந்ததாகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

தேடும் விதம். குடும்ப நிலத்தின் சர்வே எண், கிராமம் இரண்டையும் பட்டாவிலிருந்து எடுங்கள். அதை வைத்து வில்லங்கச் சான்று போடுங்கள். கணினியில் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். அதற்கு முந்தைய காலத்துக்குக் கையால் தேடும் மனு கொடுத்து, தேடும் ஆண்டுகளுக்கு ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டும். வில்லங்கத்தில் செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை (பங்கை விட்டுக்கொடுத்தல்) என்று வரும் ஒவ்வொன்றின் பத்திர எண்ணையும் ஆண்டையும் குறித்து நகல் கேளுங்கள். வில்லங்கச் சான்று ஒரு சுருக்கம்தான், உறவு விளக்கம் முழு நகலில்தான் இருக்கும். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்.

எந்தப் புத்தகத்தில் தேடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1908 பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில். அதை யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயிலும், தத்தெடுக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரமும் 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்த பிறகு யாரும் நகல் கேட்கலாம். சொத்து சம்பந்தப்படாத மற்ற பத்திரங்கள், சுவீகாரப் பத்திரம் உட்பட, 4-ஆம் புத்தகத்தில். இதன் நகல் பத்திரத்தில் கையெழுத்திட்டவருக்கும், அதன்கீழ் உரிமை கோருபவருக்கும், அவர்களின் பிரதிநிதிக்கும்தான். ஆகவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் அடையாள அட்டை மூன்றையும் சேர்த்தே மனுவோடு கொடுங்கள். வில்லங்கத்தில் எதுவும் வரவில்லை என்பதால் பத்திரமே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வில்லங்கச் சான்று 1-ஆம் புத்தகத்தை ஒட்டியது. மற்ற இரண்டுக்கும் பெயர் வைத்துத் தனியாகத் தேடச் சொல்ல வேண்டும்.

சந்தேகப்படும் பெற்ற வீட்டின் நிலத்துக்கும் இதையே செய்யுங்கள். முறையான தத்து நடக்காததால் பிறந்த வீட்டில் பிள்ளையின் பங்கு அறுபடவில்லை. அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரிக்கும்போதோ விற்கும்போதோ, வக்கீல் சொல்படி இவரிடமும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அங்கே அவர் பெற்ற அப்பாவின் பெயரோடு நிற்பார்.

ஐந்தாவது: பிறப்பு, இறப்புப் பதிவேடுகள்

முதலில் எந்த ஊர் என்று சரியாக முடிவு செய்யுங்கள். பிறப்பு, நடந்த இடத்தில் பதிவாகும். தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஆகவே மூத்த பிள்ளையாக இருந்தால் பெற்ற அப்பாவின் ஊரில் தேடினால் கிடைக்காது. அம்மாவைப் பெற்றவர்களின் ஊரில் தேட வேண்டும்.

கிராமங்களில் பழைய காலத்தில் கிராம அதிகாரிகள் எழுதினார்கள். பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பழைய தொகுதிகளை கி.நி.அ. அலுவலகத்தில் தேடாமல் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரியுங்கள். நகரமானால் நகராட்சி, மாநகராட்சி.

பழைய பதிவில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. தேதி, "ஆண்" அல்லது "பெண்", அப்பா பெயர், அம்மா பெயர், அவ்வளவுதான். ஆகவே தாத்தா பெயரைச் சொல்லித் தேடினால் "பதிவு இல்லை" என்றுதான் வரும். பெற்றோர் எனச் சந்தேகப்படும் இருவரின் பெயரையும், மூன்று அல்லது நான்கு வருஷ இடைவெளியையும் மனுவில் எழுதுங்கள். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கட்டணம் கட்டிப் பதிவேட்டில் தேடச் சொல்லவும், நகல் வாங்கவும் எவருக்கும் இடம் தருகிறது.

அடுத்து, அந்தப் பிறப்புத் தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் அதே தாயின் இறப்பு பதிவாகியிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இளம் தாய் இறந்த வீட்டிலிருந்துதான் அதிகப் பிள்ளைகள் வேறு வீட்டுக்குப் போனார்கள். பிறப்பும் தாயின் இறப்பும் பத்து நாள், ஒரு மாத இடைவெளியில் வந்தால் உங்கள் ஊகம் மிகவும் வலுப்பெறும். இறப்பின் காரணத்தை நகலில் தர மாட்டார்கள். சட்டம் அதைத் தடுக்கிறது. தேதி போதும்.

ஆறாவது: கோயில், தேவாலயம், பள்ளிவாசல்

கத்தோலிக்கக் குடும்பத்துக்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. குழந்தை பிறந்த சில நாளில் ஞானஸ்நானம். ஆகவே வளர்க்கப் போகும் முன்பே பெற்றோர் பெயரில் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். 1908 முதல், ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலுக்குத் தகவல் அனுப்பி, பழைய பதிவின் ஓரத்தில் திருமணத் தேதியையும் துணைவர் பெயரையும் எழுத வேண்டும் என்பது விதி. தாத்தாவின் திருமணத் தேதியும் பாட்டியின் பெயரும் உங்களுக்குத் தெரியும். பங்குத்தந்தையிடம் அந்த ஓரக் குறிப்பைத் தேடச் சொல்லுங்கள். பதிவில் இருக்கும் அப்பா பெயர் நீங்கள் எதிர்பார்க்காததாக இருக்கும். அதைத்தான் தேடி வந்தீர்கள். ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், பிற்பாடு வளர்த்தவர்கள் அவர்களாகவே இருக்கக்கூடும்.

இஸ்லாத்தில் வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற தகப்பன் பெயரால் அழைக்க வேண்டும் என்பது குர்ஆன் கட்டளை. ஆகவே ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டில் பெற்றவர் பெயரே இருக்கலாம். வளர்த்தவர் சொத்துக் கொடுத்திருந்தால் ஹிபா (தானப்) பத்திரத்தைத் தேடுங்கள்.

நகரத்தார் குடும்பங்களில் பிள்ளை கூட்டுவது (தத்தெடுப்பது) ஒரே நகரக் கோயிலுக்குள் நடக்கும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்களில் எது என்று தெரிந்தாலே தேடும் வட்டம் சுருங்கிவிடும். யாழ்ப்பாணக் குடும்பங்களில், அவர்களின் வழக்குச் சட்டமான தேசவழமை, தத்தெடுக்கும்போது மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கைச் சொல்கிறது. இலங்கையில் தத்தெடுப்புக் கட்டளைச் சட்டம் 1941-ல் வந்ததால், அதற்கு முந்தையவற்றைக் குடும்ப உறுதிகளில் (பத்திரங்களில்) தான் தேட வேண்டும்.

கப்பலேறிப் போனவர்கள்

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு எண், அப்பா பெயர், வயது, மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் கப்பல் பட்டியலில் உண்டு. மொரீஷியஸில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் குடியேற்ற ஆவணங்களை வைத்திருக்கிறது. ஒரு குழந்தையின் பதிவைக் கண்டதும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பத்து எண்களையும் படியுங்கள். தாய் வழியில் இறந்து, அதே கிராமத்துக்காரர் எடுத்து வளர்த்தது அப்படித்தான் வெளிப்படும். கங்காணி வழியாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களுக்கு இந்த அளவு பெயர்வாரி விவரம் அரிது. அங்கே தோட்டப் பள்ளிச் சேர்க்கையும் கோயில் மொய்யும்தான் கைகொடுக்கும்.

டிஎன்ஏ: எப்போது உதவும், எங்கே ஏமாற்றும்

குறிப்பிட்ட ஒரு வீட்டின் மீது சந்தேகம் வந்த பிறகுதான் இதில் பணம் போடுவது நல்லது. இந்தியாவில் சோதனை செய்தவர்கள் குறைவு என்பதால், யாரையும் குறிவைக்காமல் அனுப்பினால் தூரத்து உறவுகளின் நீண்ட பட்டியல்தான் வரும். குடும்பத்தில் மூத்த தலைமுறையைச் சோதியுங்கள், ஒவ்வொரு தலைமுறைக்கும் பங்கு பாதியாகக் குறையும்.

உடன்பிறந்த இருவரின் பிள்ளைகளுக்குள், அதாவது முதல் பங்காளி, மச்சான் உறவில், சராசரியாக 12.5 சதவீத டிஎன்ஏ ஒத்திருக்கும். அவர்களின் பிள்ளைகளுக்குள் 3 சதவீதம் போல. ஆனால் மாமன் மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பத்தில் இந்தக் கணக்கு உப்பிப்போகும். தூரத்து உறவு நெருங்கிய உறவாகத் தெரியும். மொத்த அளவைப் பார்க்காமல் மிக நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். பழைய உறவுகள் பல சேர்ந்து தரும் துண்டுகள் சிறியவை, அண்மை உறவு தருவது நீளமானது.

இன்னொரு பொறி: தங்கை மகனை வளர்த்திருந்தால் வளர்த்த வீட்டோடும் டிஎன்ஏ பொருந்தும். அதைக் கண்டு "பெற்ற பிள்ளைதான்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அங்கே ஒய் குரோமோசோம் சோதனை தீர்ப்புச் சொல்லும். ஆண்வழியில் மட்டும் இறங்குவதால், அண்ணன் மகனை வளர்த்திருந்தால் வளர்த்த வீட்டோடு பொருந்தும், தங்கை மகனானால் பொருந்தாது.

கடைசியாக: அந்த வீட்டு வாசலில்

ஒரே ஒரு ஆதாரத்தை வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒன்றையொன்று சாராத மூன்று வேண்டும்: ஒரு வாய்மொழி, ஒரு பத்திரம், ஒரு பதிவேடு அல்லது சோதனை. அத்தை சொன்னதையே சித்தப்பாவும் சொன்னால் அது ஒன்றுதான், அத்தையிடம் கேட்டுத்தான் அவர் சொல்லியிருப்பார்.

போனதும் அங்கே முதலில் எழும் பயம் சொத்து. அது வீண் பயமும் இல்லை. முறையான தத்து நடக்காதவரின் வாரிசுகளுக்குப் பிறந்த வீட்டில் உரிமை கேட்க இடம் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே முதல் சந்திப்புக்குப் பத்திர நகல்களை எடுத்துப்போக வேண்டாம், வக்கீலான உறவினரை அழைத்துப்போகவும் வேண்டாம். அந்த ஊரில் இரண்டு பக்கமும் தெரிந்த பெரியவர் ஒருவரை முன்னால் போகச் சொல்லுங்கள். பழம், தாத்தாவின் ஒரு போட்டோ போதும். "எங்க தாத்தா இந்த வீட்டில் பிறந்தவர்னு கேள்விப்பட்டோம். பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம். வேற எதுவும் வேண்டாம்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தை திருமணத்துக்கு வெளியே பிறந்ததாகவோ வேறு சாதியிலிருந்து வந்ததாகவோ தெரிந்தால், அங்கே உயிரோடு இருப்பவர்களின் சம்மதமில்லாமல் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

வம்சாவளி வரையும்போது தாத்தாவுக்கு இரண்டு கோடுகள் போடுங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் "பெற்றவர்" என்றும், இன்னொன்றுக்குப் பக்கத்தில் "வளர்த்தவர்" என்றும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான பத்திர எண்ணையும், சொன்னவர் பெயரையும், சொன்ன தேதியையும் கீழே குறித்து வையுங்கள்.